பெயர் பொறித்த கல்லும் பெயர் கூறாப் பாட்டும்: கரந்தை மறவரும் ஊர்க்காவல் வரலாறும்

முன்னுரை

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் காடு மல்லேஸ்வரர் கோயிலைச் சார்ந்து 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. சிவாஜியின் தம்பியாகிய ஏகோஜி, மல்லபுரத்து இறைவனுக்கு மேதரநிங்கனஹள்ளி என்னும் ஊரைக் கொடையாக வழங்கியதை அது கூறுகிறது. பின்னாளில் தஞ்சையில் மராட்டிய அரசைத் தோற்றுவித்தவரும் இவரே. 1898ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப்பின் மல்லேஸ்வரம் நகர விரிவாக்கப் பகுதியாக வளர்ந்தது. இங்குள்ளோர் தம் ஊரின் பழமைக்குச் சான்றாக முதலில் காட்டுவது இக்கொடைக் கல்வெட்டையே ஆகும்.

கொடுத்தவனைக் கோயிற்கல் நினைவில் வைத்துள்ளது. ஊரைக் காக்க எழுந்து மாண்டவனை நினைவில் வைத்தது எது? இவ்வினாவுக்கு விடை காண, மல்லேஸ்வரத்திற்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹெப்பாளத்திற்கும், நகரின் தென்பகுதியிலுள்ள பேகூருக்கும் செல்ல வேண்டும். அங்குக் கிடைத்த வீரக்கற்கள் ஊர்க்காவலில் உயிர்விட்ட மாந்தரின் பெயர்களைத் தாங்கியவை. இவற்றோடு ஒத்தவை தமிழகத்தில் செங்கம், தருமபுரிப் பகுதிகளில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. தமிழ் இலக்கியத்தில் இம்மாந்தருக்குரிய இடம் கரந்தைத் திணையாகும்.

ஓர் ஊரின் காவல் மறவர் குழுவுக்கு வரலாறு எழுத முற்படுவோர் பாட்டை மட்டுமோ கல்லை மட்டுமோ கொண்டு அதனை எழுத இயலாது என்பதும், இரண்டும் வெவ்வேறு நினைவுகளைக் காக்கின்றன என்பதும், அவ்வேறுபாட்டைக் கரந்தைப் பாடல்களின் திறனாய்வு போதிய அளவு கருத்திற் கொள்ளவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

ஏவலும் தன்விருப்பும்

போருக்குச் செல்பவன் ஏவப்பட்டுச் செல்கிறானா, தானே செல்கிறானா என்னும் வினா தமிழ்ப் பொருளிலக்கண மரபில் பழமையானது. தொல்காப்பியம் வெட்சி மறவரை வேந்தனால் விடுக்கப்பட்டவராகவே கூறுகிறது. பன்னிரு படலமோ வெட்சியைத் தன்னுறு தொழில், வேந்துறு தொழில் என இருவகைப்படுத்தியது. புறப்பொருள் வெண்பாமாலையும் மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என்னும் பகுப்பை ஏற்றது. இளம்பூரணர் இப்பகுப்பை மறுத்துரைத்ததோடு அமையாது, இம்முரண்பாட்டையே காட்டிப் பன்னிரு படலத்தின் வெட்சிப் படலத்தைத் தொல்காப்பியர் இயற்றியிருத்தல் பொருந்தாது என்றும் முடிவு கூறினார். ஒரு நூற்பகுதியின் ஆசிரியர் யார் என்பதைத் தீர்மானிக்கும் அளவிற்கு, ஏவலின்றிப் போருக்கு எழுதல் என்பது உரையாசிரியர்க்கு முதன்மையான சிக்கலாக இருந்துள்ளது.

இவ்விவாதம் முழுவதும் ஆநிரை கவர்வோரைப் பற்றியது என்பது இங்குக் கருதத்தக்கது. மீட்போரைப் பற்றி இத்தகைய பகுப்பு எழவில்லை. தொல்காப்பியர் கரந்தையை வெட்சியுள் அடக்கினார். ஐயனாரிதனார் தனித்திணையாக வைத்தார். எவ்வாறு வைத்தபோதும், மீட்கச் செல்பவனுக்கு வேந்தன் ஆணை வேண்டுமா என்னும் வினாவை இலக்கணத்தார் எழுப்பவில்லை. கவர்தலுக்கு உரிமை காட்ட வேண்டும். காத்தலுக்கு அது வேண்டுவதில்லை என்பது இம்மௌனத்தின் பொருள் எனக் கொள்ளலாம்.

புறப்பொருள் வெண்பாமாலை கரந்தை அரவம் என்னும் துறைக்குத் தரும் விளக்கம் இதனை மேலும் தெளிவாக்குகிறது. ஆநிரை கொள்ளப்பட்டமை கேட்டவர்கள் தாம் செய்துகொண்டிருந்த தொழிலைக் கைவிட்டு விரைந்து ஒருங்கு கூடுவது அத்துறையின் பொருளாகும். செய்தொழிலை விட்டு வருபவர் என்றமையால், போரையே தொழிலாகக் கொண்ட நிலைப்படையினர் அல்லர் இவர் என்பது பெறப்படும். உழவும் மேய்ச்சலும் பிறவும் செய்து வாழ்ந்தவர்கள் செய்தி கேட்ட அளவில் படையாகின்றனர். பூசல் முடிந்தபின் எஞ்சியோர் தத்தம் தொழிலுக்குத் திரும்பியிருத்தல் வேண்டும். ஊர்ப்படை என்பதற்கு இதனினும் செறிவான இலக்கணம் காண்டல் அரிது.

புறநானூற்று 263ஆம் பாடலும் இதற்கு அரண் செய்கிறது. பெயர் அறியப்படாத புலவர் பாடிய அப்பாட்டில், நிரை மீட்கச் சென்றவிடத்துப் பயிற்சியற்ற இளையர் விலகிவிட, ஒருவன் மட்டும் விலகாது வெள்ளத்தைத் தடுக்கும் அணைபோல் நின்று மாய்கிறான். உரைகாரரும் திறனாய்வாளரும் நின்றவனது மறத்தையே பெரிதும் பேசினர். விலகிய இளையரும் வரலாற்றுச் சான்றே ஆவர். படைப்பயிற்சி இல்லாதோரும் அக்குழுவில் இருந்தனர் என்பதையும், அச்சம் அவர்க்கும் இயல்பே என்பதையும் அவர்களே காட்டுகின்றனர்.

பெயர் கூறாப் பாட்டு

புறநானூற்றில் 259 முதலாக அமைந்துள்ள கரந்தைப் பாடல்களுள் நடுகல்லைப் பாடுவன சில. 260ஆம் பாடல் வடமோதங்கிழார் பாடியது. 264ஆம் பாடல் உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடியது. முன்னதில், நிரை மீட்டு மாண்டவனின் பெயர் பந்தரின்கீழ் நட்ட கல்லின் மேலது ஆயிற்று என்று புலவர் கூறுகிறார். பின்னதில், செம்பூந் தொடையலும் மயிற்பீலியும் சூட்டி, பெயர் பொறித்துக் கல்லை நட்டுவிட்டனர் என்று கூறுகிறார். இரு பாடல்களும் கல்லில் பெயர் உண்டு என்கின்றன. அப்பெயர் யாது என்பதை இரண்டும் கூறவில்லை.

அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது விதி. புறத்திணையில் அவ்விதி இல்லை. புறநானூற்றில் வேந்தரும் வேளிரும் பெயராலேயே அறியப்படுகின்றனர். பெயர் பாட்டினுள் இல்லாதபோதும் கொளுக்குறிப்பு அதனைத் தருகிறது. கோப்பெருஞ்சோழனுக்கும் அதியமானுக்கும் நட்ட கற்களைப் பற்றிய பாடல்களில் (221, 232) மாண்டவர் யார் என்பதில் ஐயம் எழுவதில்லை. மேற்கூறிய கரந்தைப் பாடல்களிலோ பாட்டும் கொளுவும் ஒருங்கே பெயர் பற்றி வாய்திறப்பதில்லை. பெயரின்மை ஏட்டுச் சிதைவால் நேர்ந்தது எனக் கொள்ளுதல் எளிது. ஆயின், பெயர் கல்லில் உள்ளது என்று சொல்லிக்கொண்டே அதனைக் கூறாது விடும் பாட்டைச் சிதைவு என்று விளக்கிவிட முடியாது.

விடை அப்பாடல்களின் கேட்குநரிடத்தில் உள்ளது. 264ஆம் பாடல், மாண்டவனை நாடிவரும் பாணர் சுற்றம் அவன் மறைந்தமையை அறியாது இனியும் வருமோ என்று இரங்குகிறது. 260ஆம் பாடல் பாணனை நோக்கியது. 263ஆம் பாடல் இரவலனை நோக்கி, தொழாது கழிதலைத் தவிர்க என்கிறது. இப்பாடல்களில் மாண்டவன் புரவலனாகவே நினைக்கப்படுகிறான். அவனை இழந்தோருள் முதலிடம் பாணர்க்குக் கிடைக்கிறது. பாணர் சுற்றத்திற்கு அவன் பெயர் சொல்லித் தெரிய வேண்டிய நிலை இல்லை. ஊர்க்கு வெளியே செல்லும் பாட்டு எந்த ஊரிலும் பாடத்தக்கதாக அமைகிறது. ஊர்க்குள் நிற்கும் கல் அவ்வூரார் ஒருவனுக்கே உரியதாகிறது.

க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூல், சங்கப் பாடல்களை வாய்மொழிப் பாடல் மரபில் வைத்து, வாய்பாட்டுத் தொடர்களின் பயில்வைக் கொண்டு விளக்கியது. கரந்தைத் தலைவர் ஒருவர்போல் மற்றவர் தோன்றுவதற்கு அவ்விளக்கம் பெரிதும் பொருந்துகிறது. ஆயினும், அந்நெறியை மட்டும் பின்பற்றும்போது வீரன் ஒரு வகைமாதிரியாகச் சுருங்கிவிடுகிறான். வகைமாதிரிக்குப் பெயர் தேவையில்லை, ஊரும் தேவையில்லை. பாட்டின் இயல்பை விளக்கும் கோட்பாடு, பாட்டு விட்டுச்சென்றதை வினவ மறந்துவிடுகிறது. அவ்வினாவை எழுப்புவதற்குரிய சான்று கல்லிலேயே உள்ளது.

பெயர் பொறித்த கல்

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளில் மாண்ட தீயன் அந்தவன் என்பானுக்கு எடுக்கப்பட்டது. தொல்காப்பியர் வெட்சித்துறையாகக் கூறும் 'ஆகோள்' என்னும் சொல்லே கல்லிலும் பயின்றிருப்பது அறிஞர் பலராலும் பாராட்டப்பட்டது. பெயரும் ஊரும் நிகழ்ச்சியும் மட்டுமே அக்கல்லில் உள்ளன. கவர்ந்தவனா, காத்தவனா என்பதைக்கூட அது விளக்கவில்லை. கல் நட்ட ஊரார்க்கு அது விளக்கமின்றியே தெரியும். பாட்டு பெயரை விடுத்து நிகழ்ச்சியை விரிக்கிறது. கல் நிகழ்ச்சியைச் சுருக்கிப் பெயரை நிறுத்துகிறது.

1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' என்னும் தொகுதி இவ்வாராய்ச்சிக்கு அடித்தளமாக அமைந்தது. அப்பகுதிக் கற்களுள் எடுத்தனூர்க் கல் நன்கு அறியப்பட்டது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், பொற்றொக்கையார் என்பாரின் இளமகனாகிய கருந்தேவகத்தி எருமைகளைக் காக்கும் பூசலில் மாண்டான். கோவிவன் என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. நாயின் உருவமும் கல்லில் உண்டு.

இக்கல்லைக் கரந்தைப் பாடல்களோடு ஒப்பிட்டால் மூன்று வேறுபாடுகள் புலப்படும். பாட்டில் ஆநிரை வருகிறது. கல்லில் எருமை வருகிறது. பாட்டில் எதிர்நிற்போர் பகைமறவர். கல்லில் அவர் கள்வர். பாட்டில் தலைவன் தனித்து நிற்கிறான், கல்லில் அவனுடன் நாய் நிற்கிறது, அதற்கும் பெயருண்டு. இலக்கிய மரபு தேர்ந்தெடுத்துச் செம்மைப்படுத்திய நிகழ்ச்சியின் அன்றாட வடிவம் இதுவாகும்.

இவ்வழக்கம் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. கன்னட நாட்டு ஆதகூரில் ஏறத்தாழ கி.பி. 950இல் எடுக்கப்பட்ட கல், காட்டுப்பன்றியோடு பொருது மாண்ட காளி என்னும் நாயை நினைவுகூர்கிறது. அதே கல், தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட செய்தியையும் தாங்கியுள்ளது. பேரரசின் போரும் ஒரு நாயின் சாவும் ஒரே கல்லில் இடம்பெற்றமை, இவ்வகை நினைவின் அளவுகோல் வரலாற்று நூல்களின் அளவுகோலின் வேறானது என்பதைக் காட்டுகிறது.

பெங்களூருப் பகுதிக் கற்களையும் இப்பின்னணியில் நோக்குதல் தகும். 2018இல் வெளிப்பட்ட ஹெப்பாளக் கல், கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 750இல், பூசலில் மாண்ட கித்தய்யா என்பானுக்கு உரியது. பேகூர் நாகேஸ்வரர் கோயிற் கல்வெட்டு ஏறத்தாழ கி.பி. 890ஐச் சார்ந்தது. பெங்களூருப் போரில் நாகத்தரனின் பணியாளனாகிய புட்டணசெட்டி மாண்டதை அது கூறுகிறது. பெங்களூரு என்னும் ஊர்ப்பெயரின் தொன்மையை நிறுவும் சான்றாகவே இக்கல்வெட்டு பெரிதும் எடுத்தாளப்படுகிறது. ஊர்ப்பெயரைக் கண்டு மகிழ்ந்தோர் அடுத்திருந்த ஆட்பெயரைக் கடந்து சென்றனர். கெம்பேகவுடர் கோட்டை எழுப்புவதற்கு ஏறத்தாழ ஆறரை நூற்றாண்டுகளுக்கு முன்னர் அவ்வூரின் பெயரோடு இணைத்து எழுதப்பட்ட பெயர் ஒரு பணியாளனுடையது என்பது எண்ணத்தக்கது.

இதற்கு இணையான கவனப்பிழை தமிழிலும் உண்டு. புறப்பொருள் வெண்பாமாலையில் குடிநிலை என்னும் துறைக்கு அமைந்த வெண்பா, தமிழின் தொன்மையைப் பறைசாற்றும் பாட்டாக மேடைகளில் வழங்கிவருகிறது. அது கரந்தைப் படலத்தைச் சார்ந்தது என்பதும், வாளோடு முன்வந்து நின்ற பழங்குடியின் மறத்தைப் புகழ்வது என்பதும் பெரும்பாலும் நினைக்கப்படுவதில்லை. பேகூரில் ஊர்ப்பெயரும் வெண்பாமாலையில் மொழிப்பெருமையும் காத்து நின்றவனை மறைத்துவிட்டன.

தன்னார்வம் என்னும் சொல்லின் எல்லை

கரந்தை மறவரைத் தன்னார்வப் படையினர் என்று கூறலாமா? இச்சொல்லின் பின்னுள்ள கருத்து பெங்களூரிலேயே வேறொரு வரலாறு உடையது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் ஆங்கிலேயர் குடியிருந்த நகரங்களில் வாலண்டியர் படைகள் பெருகின. தமிழர் மிகுதியாக வாழ்ந்த பெங்களூர்த் தண்டுப் பகுதியில் 1868இல் பெங்களூர் ரைபிள் வாலண்டியர்ஸ் என்னும் படை அமைந்தது. ஐரோப்பியரும் ஐரோப்பிய மரபினருமே இத்தகைய படைகளில் பெரும்பான்மையினராக இருந்தனர். ருஷ்ய அச்சம் எழுந்த 1885இல் இந்தியர் தம்மையும் சேர்க்குமாறு வேண்டினர், அரசு இசையவில்லை. 1887இல் பதுருத்தீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரசும் இக்கோரிக்கையை வலியுறுத்தியது. தன்விருப்பால் படையில் சேர்தல் என்பதே அங்கு ஓர் இனத்தாரின் தனியுரிமையாக இருந்தது.

பதிவேடும் சீருடையும் சட்டமும் உடைய அப்படையின் கருத்தைக் கரந்தை மறவர்மேல் ஏற்றுதல் பொருந்தாது. நடுகற்களும் இதனையே உணர்த்துகின்றன. கருந்தேவகத்தி ஒருவரின் இளமகன். புட்டணசெட்டி ஒருவரின் பணியாளன். நடுகற்கள் பலவற்றில் மாண்டவன் இன்னாரின் சேவகன் என்றே அறிமுகமாகிறான். செய்தொழிலை விட்டு விரைந்தவன் தன் விருப்பால் விரைந்தானா, தலைவனுக்குக் கடன்பட்டமையால் விரைந்தானா என்பதைக் கல் கூறுவதில்லை. இலக்கணம் ஏவலைக் கூறாது விட்டதனால் ஏவலே இல்லை என்று முடிவு செய்தல் பிழையாகும். வாழிடமும் வாழ்வும் ஒருவரைச் சார்ந்திருக்கும்போது ஏவலைத் தனியே சொல்ல வேண்டிய தேவையும் எழாது.

கற்களுக்குள்ளும் படிநிலை உண்டு. தும்பேபாடிப் போரில் மாண்ட நாகத்தரனுக்கு எடுத்த பேகூர்ப் பெருங்கல், யானைகளும் வீரரும் செறிந்த போர்க்களத்தையே சிற்பமாகக் காட்டுகிறது. அது இன்று பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. நாகத்தரனின் பட்டமும் பேகூர் உள்ளிட்ட பன்னிரண்டு ஊர்களும் இருகன் என்பானுக்கு வழங்கப்பட்டதையும் அக்கல்வெட்டு கூறுகிறது. அவன் பணியாளனுக்குக் கிடைத்தது ஒரு குறிப்பே. ஆகவே கல்லைச் சமத்துவத்தின் சான்றாகக் கொள்ளுதலும் மிகையாகும். பாட்டு முற்றிலும் விடுத்த பெயர்களுள் சிலவற்றைக் கல் காத்தது என்பதே தகுந்த கூற்றாகும்.

கல் கூறாதது

கல்லின் குறையைப் பாட்டு நிறைவு செய்யும் இடமும் உண்டு. ஆவூர் மூலங்கிழார் பாடிய 261ஆம் புறப்பாட்டில், மாண்டவனின் பொலிவிழந்த மனையும், கூந்தல் களைந்து கைம்மை மேற்கொண்ட மனைவியும் காட்டப்படுகின்றனர். பெயரையும் ஊரையும் ஆட்சியாண்டையும் தரும் நடுகற்கள் இத்துயரைப் பொறிப்பதில்லை. நிகழ்ச்சிக்குப்பின் அக்குடும்பம் என்னாயிற்று என்பதற்குக் கல்வெட்டுகள் தரும் விடை நிலக்கொடையின் வடிவில் உள்ளது. தமிழில் நெய்த்தோர்பட்டி என்றும் கன்னடத்தில் நெத்தரு கொடகெ என்றும் வழங்கியது குருதிக்கு ஈடான நிலமாகும். குருதியைக் குறிக்கும் நெய்த்தோர், நெத்தரு ஆகிய சொற்களின் உறவு, இருமொழியாளரும் ஒரே கடப்பாட்டை ஒத்த சொல்லால் குறித்தமையைக் காட்டுகிறது.

இங்குப் பாட்டின் அறமும் கல்லின் அறமும் பிரிகின்றன. பாட்டு இழப்பை இழப்பாகவே வைத்து இரங்குகிறது. கல்லும் கொடையும் இழப்பைக் கணக்கிட்டு ஈடு செய்ய முயல்கின்றன. காவலில் மாண்டவனுக்கு ஊர் செய்யும் கடன் யாது என்னும் வினாவுக்கு இரண்டும் சேர்ந்தே விடையாகின்றன. பெயரை நினைத்தலும் குடும்பத்தைப் பேணலும் துயரை ஒப்புக்கொள்ளலும் ஆகிய மூன்றனுள் ஒன்று குறையினும் அக்கடன் தீராது.

நிறைவுரை

வெட்சிக்கு ஏவலும் தன்விருப்பும் வேறுபடுத்தி ஆராயப்பட்டன. கரந்தைக்கு அவ்வாராய்ச்சி நிகழவில்லை. செய்தொழில் விட்டுக் கூடும் ஊர்மக்களையே கரந்தையின் படையாக இலக்கணம் காட்டுகிறது. நடுகல் பற்றிய கரந்தைப் பாடல்கள் பெயர் கல்லில் உண்டு என்று சுட்டி, தாம் அதனைக் கூறாது அமைகின்றன. அப்பெயர்களைத் தாங்கிய கற்கள் புலிமான்கோம்பை முதல் ஹெப்பாளம் வரை பரவியுள்ளன. கரந்தைப் பாட்டைக் கல்லின்றிக் கற்பித்தலும், வீரக்கல்லைப் பாட்டின்றிப் பட்டியலிடலும் குறையுடைய முறைகளாகும்.

புறத்திணையியல் பாடத்தோடு ஒரு நடுகற் கல்வெட்டேனும் மாணவரால் படிக்கப்பட வேண்டும். அது தமிழ்க் கல்லாக மட்டும் இருத்தல் வேண்டுமென்பதில்லை. கன்னட வீரக்கற்களைத் தமிழ்த்துறைகளும் தமிழ் நடுகற்களைக் கன்னடத்துறைகளும் படிக்கும்போதே இவ்வழக்கத்தின் முழுப்பரப்பு தெளிவாகும். எஸ். செட்டரும் குந்தர் சொந்தைமரும் 1982இல் பதிப்பித்த நினைவுக்கற்கள் பற்றிய தொகுதி இத்தகைய கூட்டாய்வுக்கு வழிகாட்டியது. பி.எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியில் பதிவான கற்களுள் பல இன்று உரிய இடத்தில் இல்லை. வீட்டு மனைகளும் சாலைகளும் பெருகப்பெருக எஞ்சியவையும் மறைந்து வருகின்றன.

பெயர் கல்லின் மேலது என்று கூறிய புலவர் அக்கல் நிலைத்து நிற்கும் என்று நம்பினார். அந்நம்பிக்கையால் பெயரைக் கல்லிடமே விட்டார். கல் அழியுமாயின், பாட்டு சுட்டிய இடம் வெற்றிடமாகிவிடும். கரந்தைப் பாடலுக்கு உரை எழுதுவோர் எஞ்சியுள்ள கற்களைப் படித்துப் பதிவு செய்தலையும் தம் உரைப்பணியின் பகுதியாகவே கொள்ளுதல் வேண்டும்.